ஆயுத பூஜையன்று அணைத்த கணினி

கணினி தமிழில்தான் எழுதிக் காட்டியது. "மேம்படுத்தல் நடந்துகொண்டிருக்கிறது. கணினியை அணைக்க வேண்டாம்." ஐந்தே சொற்கள். இரண்டு முறை படித்தேன். பிறகு அணைத்தேன். அதனால் ஒரு பெண்ணுக்கு வேலை போயிற்று. வேலையைவிட அவளுக்குப் பெரிதாக இருந்தது அவள் பெயர்; அதுவும் போயிற்று. புரியாமல் செய்துவிட்டேன் என்று சொல்ல எனக்கு வழியில்லை என்பதை முதலிலேயே எழுதிவைத்துவிடுகிறேன். இல்லாவிட்டால் நடுவில் எங்காவது எனக்கு நானே வக்காலத்து வாங்கிக்கொள்வேன்.

நான் புள்ளியியல் துறையில் முப்பத்தொரு வருடம் களப்பணி பார்த்தவன். அறுவடைக் காலத்தில் வயலில் இறங்கி, ஐந்து மீட்டருக்கு ஐந்து மீட்டர் கயிறு கட்டி, நான்கு மூலையிலும் முளை அடித்து, அந்தக் கயிற்றுக்குள் நிற்கும் நெல்லை மட்டும் அறுத்து, அடித்து, நிறுத்து, விளைச்சலைக் கணிப்பது என் வேலை. அதனால் எதையும் எண்ணாமல் என்னால் இருக்க முடியாது. வீட்டிலிருந்து சங்கத்து அலுவலகத்துக்கு அறுநூற்று நாற்பது அடி. மழைக்காலத்தில் சேற்றைச் சுற்றிப் போனால் எழுநூற்றுப் பத்து. என் மனைவி என்னிடம் வருத்தப்படுவதற்கு வைத்திருக்கும் காரணங்களில் இது முதலாவது.

ஓய்வு பெற்ற பிறகு நெரவி கொம்யூன் பஞ்சாயத்தில் எங்கள் ஊர் விவசாயிகள் சங்கத்துக்கு என்னைச் செயலாளர் ஆக்கினார்கள். எழுதப் படிக்கத் தெரிந்தவன், சும்மா இருக்கிறவன், யாரிடமும் சண்டைக்குப் போகாதவன் என்ற மூன்று தகுதிகள் என்னிடம் இருந்தன. அலுவலகம் என்பது ஒரே அறை. மூன்று பழைய கணினிகள், ஓர் அச்சு இயந்திரம், எட்டு நாற்காலிகள். பயிர்க் காப்பீட்டு மனு, சாகுபடிச் சான்று, உர ஒதுக்கீடு, எல்லாவற்றுக்கும் ஊர் ஜனங்கள் அங்கேதான் வருவார்கள். அதைச் செய்துகொடுக்க ஒரு பெண்ணை வைத்திருந்தோம். காரைக்கால்மேட்டிலிருந்து தினமும் ஸ்கூட்டியில் வருவாள். அப்போது முப்பத்து நான்கு வயது. கணவன் விசைப்படகில் டிரைவர். கல்லூரியில் கணினி படித்தவள். பதினொரு மாதத்துக்கு ஒருமுறை புதுப்பிக்கும் தற்காலிக வேலைதான். நெல்லுக்காரர் சங்கத்தில் கடற்கரைப் பெண் எதற்கு என்று கமிட்டியில் இரண்டொருவர் முணுமுணுத்தபோது நான் சேர்ந்து முணுமுணுக்கவில்லை. மறுத்துப் பேசவும் இல்லை.

வந்த இரண்டாவது வருடம் அவள் ஒருநாள் திரையின் வலது கீழ்மூலையைக் காட்டினாள். மங்கலாக இரண்டு வரி ஆங்கிலம். அது அங்கே இருந்ததை நான் எத்தனையோ நாளாகப் பார்த்திருக்கிறேன். தாளில் பதிந்திருக்கும் நீர்க்குறி மாதிரி ஏதோ அலங்காரம் என்று நினைத்திருந்தேன்.

"சார், இந்த விண்டோஸ் காசு குடுத்து வாங்குனது இல்ல. கடக்காரர் எதையோ காப்பி பண்ணிப் போட்டுட்டுப் போயிருக்காரு. திருட்டுக் காப்பி."

எனக்குச் சுருக்கென்றது. முப்பத்தொரு வருடத்தில் அலுவலகத்துப் பென்சிலை வீட்டுக்குக் கொண்டுவராதவன் நான். நான் செயலாளராக இருக்கும் இடத்தில் மூன்று கணினியும் திருட்டுச் சாமானா? அதோடு ஊரார் கொண்டுவந்து செருகும் பென்டிரைவ்களிலிருந்து வைரஸ் ஏறி, அவை அடிக்கடி உறைந்து நின்றுவிடும். நின்ற ஒவ்வொரு முறையும் என் டைரியில் கோடு போட்டுவைத்திருந்தேன். ஒரு வருடத்தில் நாற்பத்தொரு கோடு.

அவள் இரண்டு வழி சொன்னாள். முறையாக உரிமம் வாங்கலாம். ஆனால் புதிய விண்டோஸை இந்தப் பழைய பெட்டிகள் தாங்காது, பெட்டிகளையும் மாற்ற வேண்டும். இல்லையென்றால் லினக்ஸ் போடலாம். அது யாருக்கும் சொந்தமில்லை, எல்லாருக்கும் பொது. பழைய பெட்டியிலும் ஓடும்.

"சும்மா குடுக்கறாங்கன்னா அதுல ஏதோ இருக்கணுமேம்மா," என்றேன்.

"இருக்குது சார். உள்ள என்ன எழுதியிருக்குன்னு யாரு வேணாலும் தொறந்து பாக்கலாம். அதான் இருக்குது."

"நான் தொறந்து பாத்தா எனக்குப் புரியுமா?"

"உங்களுக்குப் புரியாது. எனக்கே முழுசாப் புரியாது. புரிஞ்சவங்க எங்கெங்கயோ ஒக்காந்து பாத்துக்கிட்டே இருப்பாங்க. தப்பு இருந்தா சத்தம் போடுவாங்க."

இது எனக்கு உடனே விளங்கியது. நாங்கள் கயிறு கட்டி அறுக்கும்போது வயல்காரரைப் பக்கத்தில் நிறுத்திக்கொள்வோம். கயிறு சரியாக இருக்கிறதா, தராசு சரியாக இருக்கிறதா, அவரே பார்க்கலாம். போகிற வருகிறவர்களும் பார்க்கலாம். அப்படி எடுத்த எண்ணிக்கையை மேலே இருக்கிறவர்கள் ஏற்றுக்கொண்டாலும் கொள்ளாவிட்டாலும், அது எப்படி வந்தது என்று ஊருக்குத் தெரியும். அலுவலகத்து அறைக்குள் உட்கார்ந்து போடும் மதிப்பீடும் சில சமயம் சரியாகவே இருக்கும். ஆனால் அது எப்படி வந்தது என்று கேட்டால் பதில் வராது. என் வேலை முழுவதும் கயிற்றின் பக்கம் நின்று செய்தது. ஆகவே அவள் சொன்னது எனக்குப் புரியவில்லை என்று சொல்ல முடியாது. பிடிக்கவில்லை, அவ்வளவுதான்.

தலைவருக்கு வேறு சந்தேகம். அவர் பதினெட்டு மா நிலம் வைத்திருப்பவர். எதையும் ஆளைப் பார்த்து வாங்கிப் பழகியவர்.

"ஓசியில வர்ற சாமானுக்கு யாரும்மா கேரண்டி? கெட்டுப்போனா யாரப் போய்ப் புடிக்கிறது?"

"என்னையப் புடிங்க, தலைவரே."

"ஒன்னையா? நீ வருசம் பூரா ஸ்கூட்டியில பறந்துகிட்டு இருக்க. ஒன்ன எங்கேந்து புடிக்கிறது?"

எல்லாரும் சிரித்தார்கள். அவளும் சிரித்தாள். முடிவில், ஒரு வருடம் ஓட்டிப் பார்ப்பது, ஆயுத பூஜை கழிந்து கமிட்டி கூடி முடிவு செய்வது, நன்றாக ஓடினால் அவளை நிரந்தரமாக்குவது என்று பேசியாயிற்று.

நன்றாகத்தான் ஓடியது. திரை முழுவதையும் தமிழுக்கு மாற்றிக் கொடுத்தாள். "கோப்பு", "திருத்து", "அச்சிடு" என்று எங்கள் ஊர் விவசாயிகள் எழுத்துக் கூட்டிப் படித்தார்கள். அந்த வருடம் என் டைரியில் மூன்றே கோடு. அதிலும் இரண்டு, அச்சு இயந்திரத்தில் தாள் சிக்கியது.

ஆயுத பூஜைக்கு ஒன்பது நாள் முன்னால் ஒன்று நடந்தது. காப்பீட்டு மனு கொடுத்தவர்களின் பட்டியலை நான் கையால் பேரேட்டில் எழுதி, தலைப்பில் முந்நூற்று எண்பத்தாறு என்று போட்டிருந்தேன். கமிட்டியின் முன்னால் அதை வாசித்தேன். அவள் தன் இடத்தில் இருந்தபடியே, "முந்நூத்தி எம்பத்தெட்டு சார்," என்றாள்.

"நான் மூணு தடவ எண்ணினேம்மா."

"எண்ணுனது சரிதான் சார். எழுதறப்ப ரெண்டு பேரு விட்டுப்போயிருக்காங்க. போன வருசமும் இதே ரெண்டு பேருதான் விட்டுப்போயிருக்காங்க. குத்தகைக்காரங்க."

அவள் குரலில் எகத்தாளம் எதுவும் இல்லை. இரண்டு குத்தகைக்காரர்களுக்குப் போன வருடம் காப்பீடு வராமல் போனதற்கு என் பேரேடு காரணம் என்பது அப்போதுதான் தெரிந்தது. அவர்களுக்காக நான் வருத்தப்பட்டிருக்க வேண்டும். எனக்கு வந்தது கோபம். தலைவர், "செயலாளருக்கே எண்ணிக்கை தப்புதா? அப்ப மழ கொட்டப்போவுது," என்றார். எட்டு நாற்காலியிலும் சிரிப்பு. அன்று வீட்டுக்கு நடந்தபோது நான் அடிகளை எண்ணவில்லை.

ஆயுத பூஜையன்று காலை எட்டு மணிக்கு அவள் வந்து அறையைப் பெருக்கி, கணினிகளைத் துடைத்தாள். இரண்டை அணைத்துச் சந்தனம் வைத்தாள். எல்லாக் கோப்பும் இருக்கும் மூன்றாவதை மட்டும் ஓடவிட்டாள்.

"இதுக்குப் புதுப் பதிப்பு வந்திருக்கு சார், ஏத்தணும். ரெண்டு ரெண்டரை மணி நேரம் ஆவும். வேல நாள்ல போட்டா ஜனங்க காத்துக்கிட்டு நிப்பாங்க. இன்னக்கி ஒருத்தரும் மிஷினத் தொட மாட்டாங்கல்ல, அதான் இன்னக்கிப் போட்டேன். நீங்க இருப்பீங்கள்ல?"

"இருப்பேன்."

"ஒண்ணும் செய்ய வேணாம் சார். தொடாம இருந்தாப் போதும். எங்க வீட்டுல படகு இஞ்சினுக்குப் படைக்கணும், அவரு காத்துக்கிட்டு இருப்பாரு. நான் வர்றேன்."

"சரிம்மா," என்றேன்.

பத்தரை மணிக்குத் தலைவரும் கமிட்டியும் வருவதாக இருந்தது. பொரி, கடலை, இருபத்து நான்கு வாழைப்பழம், ஒரு பூசணி எல்லாம் எடுத்துவைத்தேன். பேரேடுகளை அடுக்கினேன். நிலம் அளக்கும் என் பழைய டேப்பையும் வைத்தேன். அந்த ஒரு கணினி மட்டும் கர்ரென்று ஓடிக்கொண்டே இருந்தது. திரையில் ஒரு பட்டை மெல்ல நீண்டது. அதன் கீழே அந்த ஐந்து சொற்கள்.

எங்கள் பழைய அலுவலகத்தில் ஆயுத பூஜையன்று தராசுத் தட்டுகளைக் கழற்றிவைப்போம். கத்தியும் டேப்பும் படுத்திருக்கும். அன்று ஒருவரும் எதையும் நிறுக்க மாட்டார்கள், அளக்க மாட்டார்கள். கருவிக்கு வருடத்தில் அந்த ஒரு நாள்தான் ஓய்வு. ஓடிக்கொண்டிருக்கும் கருவிக்குக் கற்பூரம் காட்டியதை நான் என் வயதில் பார்த்ததில்லை. தலைவர் வந்து பார்த்தால், செயலாளர் இருந்துமா இப்படி என்று கேட்பார்; மறுபடி எட்டு நாற்காலியும் சிரிக்கும். இந்தக் காரணத்தைத்தான் நான் எனக்குச் சொல்லிக்கொண்டேன். அடியில் இன்னொன்று இருந்தது. அவள் சொன்னபடியே எல்லாம் நடக்க வேண்டுமா என்று ஓர் அற்பமான எண்ணம். முந்நூற்று எண்பத்தெட்டு என்ற எண் அதற்குள் உட்கார்ந்திருந்தது.

சுவர் ஸ்விட்சை அணைத்தேன். கணினி நிற்கவில்லை. மேசைக்குக் கீழே இருந்த யூபிஎஸ் கீ, கீ என்று கத்த ஆரம்பித்தது. மின்சாரம் போனால் தாங்கிப் பிடிப்பதற்காக இருக்கும் பெட்டி அது. பதினொரு முறை கத்தியது. எண்ணிக்கொண்டு நின்றேன். பதினொரு முறையும் எனக்கு ஸ்விட்சைத் திரும்பப் போட நேரம் இருந்தது. பட்டை அறுபத்தொரு விழுக்காட்டில் இருந்தது. குனிந்து யூபிஎஸ்ஸின் பொத்தானை அழுத்திப் பிடித்தேன். அறை அமைதியாயிற்று. கறுத்த திரையின் நட்ட நடுவில் சந்தனம் வைத்து, மேலே குங்குமம் வைத்தேன். சற்றும் கோணாமல் வைத்தேன்.

பூஜை நல்லபடியாக நடந்தது. எல்லாரும் போன பிறகு கணினியைப் போட்டுப் பார்த்தேன். கறுப்புத் திரையில் வெள்ளை எழுத்தில் எட்டு வரி ஆங்கிலம் வந்து நின்றது. எட்டையும் படித்தேன். உருப்படியாக ஒன்றும் இல்லை என்பது மட்டும் விளங்கியது. அணைத்து, பூட்டி, வீட்டுக்குப் போனேன். அவளுக்கு ஒரு போன் செய்திருக்கலாம். எண் என்னிடம் இருந்தது.

மறுநாள் விஜயதசமி. கருவிகளை எடுத்து வேலையைத் தொடங்கும் நாள் என்பதால் தலைவரே பொத்தானை அழுத்த வந்திருந்தார். அதே எட்டு வரி.

"என்னம்மா, ஓசி சாமான் ஓடிப்போயிட்டா?" என்றார்.

அவள் கணினியின் முன் உட்கார்ந்தாள். இரண்டு மூன்று முறை எதையோ அழுத்திப் பார்த்துவிட்டு என் பக்கம் திரும்பினாள்.

"சார், நேத்து கரண்டு போச்சா?"

இந்தக் கேள்விக்கு உண்மையான பதில் மூன்று சொல். நான் அணைச்சேன், அம்மா. அதை நான் சொல்லவில்லை.

"போச்சும்மா. கொஞ்ச நேரம்," என்றேன்.

அவள் அன்றும் மறுநாளும் சாப்பிடக்கூடப் போகாமல் உட்கார்ந்து அதைச் சரிசெய்தாள். கோப்பு ஒன்றுகூடப் போகவில்லை. முந்நூற்று எண்பத்தெட்டு மனுவும் இருந்தது. ஆனால் அந்த இரண்டு நாளில் பதினேழு பேர் வந்து வேலை நடக்காமல் திரும்பினார்கள். பதினேழு பேரும் ஊரில் போய் என்ன சொன்னார்கள் என்பது எனக்குத் தெரியும்.

மூன்றாம் நாள் மத்தியானம் அறையில் நாங்கள் இருவர் மட்டும் இருந்தோம். அவள் திரையில் நீளமாக ஏதோ வரிகளைத் திறந்து வைத்திருந்தாள்.

"சார், இது எல்லாத்தையும் நேரத்தோட எழுதிவைக்கும். உங்க டைரி மாதிரி."

நான் பேரேட்டைத் திறந்தேன்.

"யூபிஎஸ் கூடவும் இது பேசும். கரண்டு பத்து பன்னண்டுக்கு நின்னுருக்கு. யூபிஎஸ்ஸுல சார்ஜ் ஃபுல்லா இருந்திருக்கு, இருவது நிமிஷம் தாங்கும். ஒரு நிமிஷம்கூட ஆவல, அதுவும் நின்னுருக்கு. தானா நிக்காது சார்."

என் முகத்தைப் பார்த்துக்கொண்டு காத்திருந்தாள். நான் மின்விசிறியைப் பார்த்தேன். அதற்கு மூன்று இறக்கை. வெளியே யாரோ செருப்பைக் கழற்றும் சத்தம் கேட்டது. அவள் அந்த வரிகளை மூடினாள்.

மூன்று நாள் கழித்துக் கமிட்டி கூடியது. அவளை நிற்கவைத்துக் கேட்டார்கள். அந்த வரிகளை அச்செடுத்து வந்து என் முன்னால் போட்டிருந்தால் எனக்குச் சொல்ல ஒன்றுமில்லை. அவள் அப்படிச் செய்யவில்லை.

"என் மேல தப்பு இல்ல. லினக்ஸ் மேலயும் தப்பு இல்ல. அதுக்கு மேல செயலாளர் சார்தான் சொல்லணும்."

எல்லாரும் என்னைப் பார்த்தார்கள். நாற்பத்தொன்றும் மூன்றும் எழுதிய டைரி என் சட்டைப் பையில் இருந்தது. அதை எடுத்து வாசித்திருந்தால்கூட அவளுக்குப் போதுமாக இருந்திருக்கும். என் குற்றத்தைச் சொல்ல வேண்டிய அவசியம்கூட இல்லை.

"மிஷின் விஷயம் எனக்கு என்ன தெரியும்," என்றேன்.

நடவடிக்கைப் புத்தகத்தில் தீர்மானத்தை நான்தான் எழுதினேன். "இலவச இயங்குதளம் பழுதானதாலும், பொறுப்பாளரின் கவனக்குறைவாலும், உரிமம் பெற்ற புதிய கணினிகள் வாங்குவதென்றும், தற்போதைய பணியாளரின் ஒப்பந்தத்தைப் புதுப்பிப்பதில்லை என்றும்" தீர்மானம். என் கையெழுத்து அழகாக இருக்கும். அன்றும் அழகாகவே இருந்தது. புதுக் கணினிகள் வந்தன. விண்டோஸ்தான், முறையாக வாங்கியது. நன்றாகத்தான் ஓடுகின்றன, அவற்றைக் குறைசொல்ல எனக்கு ஒன்றும் இல்லை. தலைவரின் மைத்துனர் மகள் ஒருத்தி வந்து உட்கார்ந்தாள்.

வேலை போனவள் மூன்று வருட அனுபவச் சான்றிதழ் கேட்டு அடுத்த வருடத்தில் இரண்டு முறை வந்தாள். முதல்முறை, முத்திரை தலைவரிடம் இருக்கிறது என்றேன். முத்திரை என் மேசை இழுப்பறையில் இருந்தது. இரண்டாம் முறை அவள் ஸ்கூட்டி வரும் சத்தம் கேட்டதும் பின்வாசல் வழியாகக் கொம்யூன் அலுவலகத்துக்குப் போனேன். சான்றிதழ் எழுதினால் அதில் 'திறம்படப் பணியாற்றினார்' என்று எழுத வேண்டும். நடவடிக்கைப் புத்தகத்தில் வேறு மாதிரி எழுதியிருக்கிறேன். இரண்டும் என் கையெழுத்து. எழுபத்தொரு வயதில் நான் பயந்தது இதற்குத்தான்.

ஒருநாள் அவளிடமிருந்து போனில் செய்தி வந்தது. கீழவாஞ்சூரில் துறைமுகத்துக்கு வெளியே ஒரு லாரி ஒப்பந்தக்காரரின் கொட்டகையில் லாரிகளுக்கு நடைச்சீட்டு எழுதுகிறாளாம். கல்லூரி ஒன்றில் கணினி ஆய்வகத்துக்கு ஆள் எடுக்கிறார்கள்; லினக்ஸ் தெரிந்தவர்தான் வேண்டுமாம். வெள்ளிக்கிழமை கடைசி நாள். "சான்றிதழ் இல்லாம மனு எடுக்க மாட்டாங்க சார். சங்கத்துல ஏன் நின்னீங்கன்னு கேக்கறாங்க. நான் என்ன சொல்றது?" செய்தி வந்தது திங்கட்கிழமை.

அதை என் மனைவியிடம் காட்டினேன். நடந்ததையும் முதல்முறையாகச் சொன்னேன். அவள் அரிசியில் கல் பார்த்துக்கொண்டிருந்தாள். கை நிற்கவில்லை.

"ஒரு வருசமா ராத்திரி எந்திரிச்சு எந்திரிச்சு ஒக்காந்தீங்களே, இதுக்குத்தானா? நான் சக்கரையாக்கும்னு நெனச்சு டெஸ்டு எடுக்கச் சொன்னேன்," என்றாள். பிறகு, "வெள்ளிக்கு நாலு நாளு இருக்கு. எண்ணிக்கிட்டு ஒக்காந்திருக்காம கெளம்புங்க," என்றாள்.

முதலில் தலைவர் வீட்டுக்குப் போனேன். நின்றுகொண்டே எல்லாவற்றையும் சொன்னேன். ஐந்து சொல்லையும் சொன்னேன், பதினொரு கீச்சையும் சொன்னேன். திட்டுவார், செயலாளர் பதவியை விட்டுப் போகச் சொல்வார் என்று எதிர்பார்த்தேன். உண்மையில் அதற்கு ஆசைப்பட்டேன். அவர் சிரித்தார்.

"இதுக்கா மூஞ்சிய இப்புடி வச்சிக்கிட்டு வந்தீங்க? நீங்க அணைச்சதுதான் சார் மொற. பூசை அன்னக்கி எவனாவது மிஷின ஓடவிடுவானா? ஓடவிட்டுட்டுப் போனது அந்தப் புள்ள தப்பு."

"அது என்கிட்ட சொல்லிட்டுப் போச்சு. நான் சரின்னேன்."

"நீங்க நல்ல மனுசன், சரின்னுதான் சொல்லுவீங்க."

"அந்தத் தீர்மானத்த மாத்தணும், தலைவரே."

"எழுதுனத அடிச்சிக்கிட்டு இருந்தா சங்கம் நடத்த முடியாது. ஒக்காருங்க, காப்பி வரும்."

ஒரு வருடம் தூக்கிச் சுமந்ததை இறக்கிவைக்கப் போன இடத்தில், அது பாவமே இல்லை என்று திருப்பிக் கொடுத்துவிட்டார்கள். காப்பி குடித்தேன். நல்ல காப்பி. குடித்த பிறகு முன்னைவிடக் கனமாக இருந்தது.

வீட்டுக்கு வந்து நானே எழுதினேன். இரண்டு பக்கம் வந்தது. சங்கத்தின் தாளும், முத்திரையும், மைப்பெட்டியும் பையில் போட்டுக்கொண்டு, புதன்கிழமை பஸ் ஏறிக் கீழவாஞ்சூர் போனேன். துறைமுக வாசலுக்கு எதிரே டீக்கடை பெஞ்சில் உட்கார்ந்து அவளுக்குப் போன் செய்தேன். நிலக்கரி ஏற்றிய லாரிகள் வரிசையாக நின்றன. இருபத்தேழுவரை எண்ணியபோது அவள் சாலையைக் கடந்து வந்தாள். தூசிக்காக முகத்தில் கட்டியிருந்த துணியை இறக்கினாள். இளைத்திருந்தாள்.

"வாங்க சார். டீ சாப்புட்டீங்களா?"

"ஆச்சும்மா," என்றேன். ஆகவில்லை.

தாள்களைக் கொடுத்தேன். நின்றபடியே படித்தாள். முதல் பக்கத்தை முடித்துவிட்டு என்னைப் பார்த்தாள்.

"இது யாருக்கு சார் எழுதுனது?"

"ஒனக்குத்தாம்மா."

"எனக்கு எதுக்கு? எனக்குத்தான் அன்னக்கே தெரியுமே. இது காலேஜுக்குப் போவணும். அங்க இருக்கறவங்க உங்க ரத்தக்கொதிப்பப் பத்தியும், உங்க பழைய ஆபீஸ் தராசப் பத்தியும் படிப்பாங்களா?"

தாள்களைத் திரும்ப வாங்கக் கை நீட்டினேன்; அவள் கொடுக்கவில்லை.

"உங்களுக்கு எடம் குடுத்தேன் சார். ரெண்டு தடவ. அன்னக்கி ரூம்ல ஒருதரம், கமிட்டியில ஒருதரம். நேரத்தோட எழுதியிருந்த அந்த வரிகள அவங்க மூஞ்சிக்கு நேரா காட்டியிருப்பேன். பெரியவரு, அவரு வாயால சொல்லட்டும்னு விட்டேன். என் புத்தியச் செருப்பால அடிக்கணும்." அவள் குரல் உயரவில்லை. "எங்க வீட்டுக்காரரு கேட்டாரு, நெசமாலுமே நீதான் கெடுத்தியான்னு. அவரே கேட்டாரு சார்."

ஒரு லாரி ஹாரன் அடித்துக்கொண்டு போனது. அவள் என் சட்டைப் பையிலிருந்து பேனாவை எடுத்துக்கொண்டு, பெஞ்சின் மறுமுனையில் உட்கார்ந்து, நான் எழுதியதை வரி வரியாக அடிக்கத் தொடங்கினாள். வழக்கம் என்று எழுதியிருந்ததை அடித்தாள். வயது, பதற்றம், மறதி, மூன்றையும் அடித்தாள். தலைவர் வருவதற்குள் என்ற அவசரத்தை அடித்தாள். முந்நூற்று எண்பத்தெட்டு வந்த இடத்தில் மட்டும் சற்று நின்று, முழுவதும் படித்து, பிறகு அதையும் அடித்தாள். நான் இரண்டு பக்கத்தில் எழுதியதில் நாற்பத்து மூன்று வாக்கியம். கடைசியில் மூன்று நின்றன.

"இத மட்டும் புதுத் தாள்ல எழுதுங்க சார்."

எழுதினேன். இவர் எங்கள் சங்கத்தில் மூன்று ஆண்டுகள் கணினிப் பொறுப்பாளராகத் திறம்படப் பணியாற்றினார். இவர் பணிக்காலத்தில் கணினி பழுதானது, மேம்படுத்தல் நடந்துகொண்டிருந்தபோது செயலாளராகிய நான் தெரிந்தே மின்னிணைப்பை அணைத்ததால்தான். இதில் இவருடைய தவறு எதுவும் இல்லை.

'தெரிந்தே' என்ற சொல் என்னுடையது அல்ல. அவள் சொல்லி எழுதியது. அந்த இடத்தில் என் கை நின்றது. அவள் காத்திருந்தாள். இந்த முறை பார்ப்பதற்கு மின்விசிறி இல்லை. எழுதினேன்.

"கீழ, வருந்துகிறேன்னு ஒரு வரி போடட்டுமாம்மா?" என்றேன்.

"அது சர்டிபிகேட்டுல வராது சார். வேற எங்கயாவது எழுதிக்கிங்க."

கையெழுத்துப் போட்டேன். பெஞ்சின் மேலேயே தாளை வைத்து முத்திரை குத்தினேன். பெஞ்சு ஆடியதால் ஓரம் மங்கிவிட்டது. அவள் இன்னொரு முறை குத்தச் சொன்னாள். இரண்டாவது தெளிவாக விழுந்தது. போனில் படம் எடுத்துக்கொண்டு, தாளை நெகிழி உறைக்குள் போட்டு, துணியை மறுபடி முகத்தில் கட்டினாள். அடித்த இரண்டு பக்கத்தையும் என் கையில் கொடுத்தாள். சாலையில் லாரி நகரும்வரை நின்று, இடைவெளி கிடைத்ததும் கடந்து, கொட்டகைக்குள் போனாள்.